பின்னால் எல்லாம் சரி

மாலை நாலரை மணி. மலை ஏரியிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை. முன்னால் ஆளில்லை. பின்னால், தம்பி ஒருவன்தான்... அப்படித்தான் அவள் நினைத்தாள்.

கிட்டே நகர்ந்து உட்காருங்கள். இது என் சிநேகிதியின் நாத்தனாருக்கு நடந்தது. தையல் கடை வைத்திருக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பொய் வராது. அவள் தம்பி சரக்கு ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியிலேயே உட்கார்ந்து பழகி, எங்கே போனாலும் கடைசி ஆளாகத்தான் வருவான். "சாப்பாட்டுக்கு மட்டும் இன்ஜின் மாதிரி முன்னால வந்து நிப்பே" என்று அக்கா கேலி செய்வாள்.

அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்துவிட்டால் மலையாவது ஏறுவதாவது என்று அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

"கண்ணாடி இல்லைன்னா அவருக்குப் படியே தெரியாது அண்ணி. பாத்துக்குங்க" என்றாள் அவன் மனைவி.

"முழுசாக் கொண்டாந்து ஒப்படைக்கிறேன். போதுமா?"

ஏற்றம் உயிரை வாங்கியது. அருவியை ஒட்டி, பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து ஏறினார்கள். அருவி இரைச்சலில் பக்கத்து ஆள் பேச்சே கேட்காது. அதனால் தம்பியின் தொழில் வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு விசில். முன்னால் போகிற அவள் நீளமாக ஒன்று ஊதுவாள். அவன் குட்டையாக இரண்டு ஊதுவான். பின்னால் எல்லாம் சரி என்று அர்த்தம். பதில் வந்துவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வழுக்குப் பாறையில் திரும்பினால் கால் நிற்காது.

மேலே ஏரி கறுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. அவன் சட்டையைக் கழற்றினான். கண்ணாடி, கழுத்திலும் கையிலும் கிடந்தது என்று எல்லாவற்றையும் அக்கா பையில் போட்டுவிட்டு முகம் கழுவ இறங்கினான். அதற்குள் மூடுபனி சூழ்ந்துவிட்டது.

"நீ முன்னால போக்கா, சட்டையை மாட்டிட்டு வந்துடறேன்" என்றான். கடைசி ஆளாயிற்றே. கண்ணாடியை அவன் கேட்க மறந்தான். அவள் கொடுக்க மறந்தாள்.

இறங்கினாள். நீளமாக ஒன்று ஊதினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு, தூரத்தில், குட்டையாக இரண்டு. நிம்மதி.

வளைவு தாண்டி மறுபடி ஊதினாள். பதில் உடனே வந்தது. அதற்கடுத்த தடவை, அவள் ஊதி முடிப்பதற்கு முன்பே வந்தது. முதுகுக்குப் பக்கத்தில். ஆனால், பின்னால் ஒருவன் பிடித்தால் சங்கிலி குலுங்க வேண்டுமே... குலுங்கவில்லை. குளத்தடிச் சேற்று வாசனை மட்டும், யாரோ தோளுக்கு மேலே மூச்சு விடுகிற மாதிரி.

வெளிச்சம் மங்கியது. டார்ச் எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். அகப்பட்டது அவன் கண்ணாடி. அதில் ஒரு கயிறு சிக்கியிருந்தது. இழுத்தாள்...

கயிற்றின் நுனியில் அவன் விசில்.

யோசித்துப் பாருங்கள். கீழே போனால் வண்டி, விளக்கு, மனுஷர்கள். மேலே, கண் தெரியாத தம்பி. நடுவில், பாதையை அடைத்துக்கொண்டு, அது.

அவள் திரும்பினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சங்கிலியைப் பற்றி, அந்தச் சேற்று வாசனைக்குள்ளேயே நடந்தாள். ஈரத்துணி மாதிரி ஏதோ முகத்தில் உரசிப் போனது. பிறகு ஓட்டம்தான். நகம் பிய்ந்தது. முழங்கால் கிழிந்தது. விசிலைத் தொடவே இல்லை. தம்பி, தம்பி என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எட்டு மாதக்காரி முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிற ஒரே நினைப்புதான் அவளை மேலே தள்ளியது.

அவன் ஏரிக்குள் இருந்தான். தண்ணீர் மார்பு வரைக்கும். முதுகு கரைப் பக்கம். இன்னும் உள்ளே நடந்துகொண்டிருந்தான். அவள் விழுந்தடித்துப் போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன்க்கா தண்ணிக்குள்ள இருந்து ஊதினே?" என்றான். "நீளமா... ஒண்ணு. அதான் வந்தேன்."

இரண்டு விசிலையும் அருவியில் எறிந்தார்கள். கையை விடாமல் இறங்கினார்கள். சொன்னபடி முழுசாகக் கொண்டுவந்து ஒப்படைத்தாள்.

குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு நாள், நல்ல வெயில் நேரம். தம்பியும் மனைவியும் கூடத்தில் இருந்தார்கள். குழந்தை மட்டும் உள்ளறையில் தூங்கியது, கதவைச் சாத்தியிருந்தார்கள். அக்கா அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

குக்கர் விசில் அடித்தது. நீளமாக ஒன்று.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்... குட்டையாக இரண்டு.