ஃபயர்பிளேஸை அடைத்தது யார்?

வத்தலக்குண்டில் கிளம்பிய கொடைக்கானல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த ஸ்வெட்டர்க்கார அம்மா திடீரென்று சொன்னார்: "என் வீட்டை நானே ஆள் வச்சுக் கெடுத்தேன் தங்கச்சி."

"என்னக்கா சொல்றீங்க?"

"விக்கப்போற வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்னு, கரி பிடிச்சுக் கெடந்த ஃபயர்பிளேஸை அடைச்சு, மேல ரோஸ் கலர் டைல்ஸ் ஒட்டுனேன். மூணு வருசத்துல வீடு கேட்டு வந்த ஒரே ஆளு, மதுரைக்காரரு. எல்லாம் சுத்திப் பாத்துட்டு, 'குளிர் காய ஃபயர்பிளேஸ் இல்லையாங்க? அது இருந்தா எடுத்துக்கிருவேன்'ங்குறாரு."

"அய்யய்யோ! பெறகு?"

"இருக்குங்க, டைல்ஸுக்குப் பின்னால இருக்குன்னேன். மனுசன் சிரிக்கவே இல்ல. ஒட்டுன கொத்தனாரையே திரும்பக் கூப்பிட எனக்கு வெக்கம். பண்ணைக்காட்டுலருந்து வேற ஆளை வரச் சொன்னேன். அவரு உடைச்சுக்கிட்டே, 'இம்புட்டு நல்ல ஃபயர்பிளேஸை எந்தக் கிறுக்கன்மா அடைச்சான்?'னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பழைய ஓனருன்னேன்."

"பொய்தானேக்கா?"

"எதுக்குப் பொய்? வர்ற வெள்ளிக்கிழமை பத்திரம். அன்னையிலருந்து நான்தானே பழைய ஓனரு."