அலங்கார மீன் வளர்க்க இருந்த பதினான்கு பேர்

மேடையில் இருக்கும் முதலாளி ஐயா அவர்களே, மறைந்த நம் மேடத்தின் கணவர் அவர்களே, மேடம் பெற்ற மகளே, இயந்திரங்களை நிறுத்திவிட்டு வந்திருக்கும் சலவை ஆலைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்!

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது வரை படித்தேன் என்று சொல்லித்தான் இந்த ஆலைக்கு வந்தேன். படித்தது மூன்றாவது. அதிலும் பாதி நாள் வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியேதான் வைத்திருந்தார். இது ஆலையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் படமாகி என் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஆள்சேர்ப்பு அதிகாரி, பெருமதிப்புக்குரிய மேடம்! கடல் தாண்டி எங்கள் ஊருக்கே வந்து எங்களை எடுத்தவர். அவருக்கு நாம் வைத்த பெயர் என்ன? 'திருப்பிச்சொல்லு மேடம்.' ஒப்பந்தத்தை நம் மொழியில் வாய்விட்டுப் படிப்பார். பிறகு, "இப்போ நீ எனக்குத் திருப்பிச் சொல்லு" என்பார். சொல்லாதவன் கையெழுத்துப் போட முடியாது. மேடத்தின் கணவர் ஐயா, கடைக்குப் போகுமுன் வீட்டில் உங்களுக்கும் இதே கதிதானாமே!

நான் வந்த வருடம்தான் விதிகள் எளிதாயின. வேலை அனுமதிக்கும் விசாவுக்கும் தனித்தனியாக அலைந்த காலம் போய், இரண்டுக்கும் ஒரே படிவம், கம்ப்யூட்டரில், மூன்றே வாரம். எல்லோருக்கும் கொண்டாட்டம். எங்கள் ஊரில் ஒரு வாடகைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பதினான்கு பேரும் இஸ்திரிக்காரர்கள். மேடம் என் படிவத்தைப் படித்தார்: "வேலை, அலங்கார மீன் வளர்ப்பு."

நான் என்ன செய்தேன்? மறுத்தேனா? இல்லை! "சரிங்க மேடம், பழகிக்கிறேன்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்ன வேலை பார்க்கிறே?"

"இஸ்திரிங்க."

"மீனுக்கா போடப்போறே?"

படிவத்தில் தொழில்களின் பட்டியல் ஒன்று விரியுமாம். அதில் முதலில் நிற்பது இந்த மீன். நம் எழுத்தர் அதை மாற்றாமலே பதினான்கு பேருக்கும் போட்டுவிட்டார். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தலையைக் குனியாதீங்க தம்பி, உங்க புண்ணியத்தில்தான் எனக்கு இன்று பேச விஷயம் கிடைத்தது.

அப்படியே கிளம்பியிருந்தால்? அனுமதியில் ஒரு தொழில், ஆள் வேறு தொழில் என்று அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பதினான்கு குடும்பம் நடுத்தெருவில் நின்றிருக்கும்! மேடம் பதினான்கு படிவத்தையும் புதிதாகப் போட்டார். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. முதலாளி ஐயா போனில் கத்தினார், கடைசி நாற்காலி வரை கேட்டது. மேடம் அசையவில்லை. "விதி எளிசாச்சு, சரிதான் சார். யாருக்கு எளிசு? படிக்கத் தெரிஞ்சவனுக்கு."

ஐயா, அடுத்த மாதம் இருபது பேரை எடுக்கப் போகிறீர்கள். ஒப்பந்தத்தைப் போனில் அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் போதும், சட்டம் வேறென்ன கேட்கிறது என்று அலுவலகத்தில் பேச்சு. சட்டம் கேட்கவில்லை, ஐயா. மேடம் கேட்டார்! மேடத்தோடு அதையும் வழியனுப்பிவிடலாமா? கூடாது, ஐயா, கூடாது! எனக்குப் படிக்க வராது. ஆனால் ஒப்பந்தத்தின் பதினொரு பத்தியும் மனப்பாடம். அந்த இருபது பேரிடமும் நானே சொல்வேன். ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டேன். இது மேடத்தின் படத்துக்கு முன் நான் தரும் வாக்கு!

நேற்றே தொடங்கிவிட்டேன். முதல் ஆளுக்கு வீடியோவில் போன் போட்டேன். பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கும், வாரம் ஒரு நாள் விடுப்பு என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். அவர் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்னேன். தான் முடிவெட்டுகிறவர் என்றும், போனுக்குச் சொந்தக்காரரான இஸ்திரிக்காரர் நாற்காலியில் முகம் நிறைய சோப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னார். சோப்பு காய்ந்துவிட்டதாம்.