சிவப்புக் கண்ணாடி

முகப்பருவுக்கு என்னிடம் கைகண்ட வழி ஒன்று உண்டு. இங்கே இத்தாலியில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் ஸ்டூடியோவுக்குக் கலியாணம் பேசப் படம் எடுக்க வருகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

பிலிமில் இருக்கிற வெள்ளி உப்பு பிறவியில் நீலத்தைத்தான் காணும். சிவப்பு அதற்கு இருட்டு. பிறகுதான் ஒரு சாயத்தைச் சேர்த்துச் சிவப்பையும் காணப் பழக்கினார்கள். அப்படிப் பழகின கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டு, லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால், தோலும் பருவும் ஒரே வெளிச்சமாய் விழும். பருவைத் தேடினாலும் கிடைக்காது. மன்னாரில் என் அப்பர் கருவாட்டு வியாபாரி. நல்லதை மேலே அடுக்கி விற்ற வீட்டுப் பிள்ளை நான். இதில் எனக்கு வெட்கமில்லை.

அமலினி என் தம்பி கிரிசாந்தின் மனைவி. தொண்ணூற்றாறு மார்கழியில் ஒரு காலை சால்வையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நல்ல நிறம் அவள். தம்பியின் விரல்கள் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. பின்னேரத்துக்குள் மங்கிவிடும். அதற்கு முன் படம் எடுத்து வந்தால் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்த்து, கிரிசாந் கிட்ட வராதபடி செய்யலாம் என்று ஒரு வக்கீல் தொலைபேசியில் சொன்னாராம். படம் இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும்.

இத்தாலியன் ஸ்டூடியோக்கள் இருக்க என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“அந்நிய ஆம்பிளைக்கு முன்னால கழுத்தைத் திறக்கேலாது, பெரியத்தான். நீங்கள் வீட்டு ஆள். இவருக்காகப் பொய் சொல்லமாட்டியள்.”

கலர் என்றால் வெளியில் கழுவக் கொடுக்கவேண்டும், நாளாகும், கறுப்பு வெள்ளை மத்தியானமே தருகிறேன் என்றேன். தலையாட்டினாள்.

கிரிசாந்தின் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, புதுப்பிப்புக்காகக் குவெஸ்தூராவில் பொலிசாரிடம் கிடந்தது. வழக்கு விழுந்தால் அவனைச் சண்டை நடக்கிற ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். நான் சிவப்புக் கண்ணாடியை மாட்டினேன்.

“அது என்னத்துக்கு?” என்றாள்.

“அடையாளம் துலக்கமாய்த் தெரியத்தான்.”

படத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். வக்கீலுக்கு முன்னால்தான் பிரித்தாள். அதற்குள் கழுத்திலும் தடமில்லை. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் அனுப்பிவிட்டார். அன்று இரவு கிரிசாந்துக்குச் சோறு போட்டாள். அடுத்த கிழமை, அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்துவிட்டான்.

ஓம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் கொன்றது நானில்லை. உங்கள் பொலிஸ் ஆட்கள் பிணத்தை எடுத்த கலர் படங்களைப் பார்த்தேன்; வெளிச்சம் மோசம், முகம் வீங்கித் தெரிகிறது. அடக்கத்துக்கு வேண்டுமானால் நான் எடுத்ததைப் பெரிதாக்கித் தருகிறேன். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.