கேட்பவரிடம் கொடுக்கவும்

தலைமை வகிக்கும் சுடலையம்மாள் அக்கா அவர்களே, கழுகுமலையிலிருந்தும் கடம்பூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தீக்குச்சி மருந்து வாசனை மாறாத கைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எஸ்தர்ராணியின் வணக்கம்.

நம் தீப்பெட்டி ஆபீசில் கை வெந்தவர்கள் எத்தனை பேர்? கண் கருகியவர்கள் எத்தனை பேர்? ஆபீஸ் புத்தகத்தில் ஒருவருமில்லை! நான் ரகசியமாய் எழுதிவந்த நம் நோட்டில் பதினேழு பேர். சொன்னது யாரென்று தெரிந்தால் வேலை போகும். ஆகவே எழுத்தை மாற்றி மாற்றி எழுதினேன். ‘க’ வருமிடத்தில் ‘ம’, ‘ம’ வருமிடத்தில் ‘த’. எந்த எழுத்துக்கு எது என்ற பட்டியலே அந்த நோட்டுக்குச் சாவி.

நான் திடீரென்று செத்துப்போனால்? சாவியும் போகுமே! அதனால் பட்டியலைக் கவரில் இட்டு, அரக்கு வைத்து, கடிகாரக்கடை மிக்கேல்ராஜ் அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் வைத்தோம்.

போன மாதம் நோட்டு களவுபோனது. நான் கலங்கவில்லை, சாவி பத்திரம் என்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாள் முதலாகப் பதினேழு பேரையும் வேலையைவிட்டு நிறுத்தினார்கள்! கடைக்கு ஓடினேன்.

“நீ பட்டியலத் தொலைச்சிட்டேன்னு ஆபீஸ் கணக்கப்பிள்ளை வந்து கேட்டாரும்மா. குடுத்திட்டேன்.”

“யாரக் கேட்டுக் குடுத்திய அண்ணாச்சி?”

“கவரக் கேட்டுத்தான்! மேல நீதான எழுதியிருந்த?”

எழுதியிருந்தேன். ஐயோ, நான் இல்லாதபோது நம்மில் ஒருவர் கேட்டு வாங்கட்டும் என்று எழுதித்தான் இருந்தேன்! ‘தொலைந்துவிட்டது என்று வந்து கேட்பவரிடம் கொடுக்கவும்.’ பூட்டை உடைக்கவில்லை, பெட்டியைப் பெயர்க்கவில்லை. என் கையெழுத்தே கதவைத் திறந்துவிட்டது!

என்ன சொல்கிறீர்கள் அங்கே? “இனிமே எவன்ட்டயும் குடுக்காத ஏட்டி” என்றா? நான் மட்டுமே வைத்திருந்து என்னோடு புதைந்தால், வெந்த கைகளுக்கு யார் சாட்சி? அழுதுகொண்டு பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வையவில்லை. “எம் பேர அழிச்சிராத. புது நோட்டுல மொதப் பேரா எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன், தாய்மார்களே! புதிய பட்டியலை மூன்று துண்டாக்கியிருக்கிறேன். ஒன்று பாண்டியம்மாளுக்கு. ஒன்று நம் தலைவிக்கு. மூன்றாவது, கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் மிக்கேல்ராஜ் அண்ணாச்சிக்கு.

முணுமுணுப்பு கேட்கிறது! அவர் நம்மை ஏமாற்றவில்லை, அவரை ஏமாற்றினார்கள். இனி ஒருவர் ஏமாந்தாலும் பட்டியல் முழுமையாகாது. மூவரும் முகம் பார்த்துச் சேர்ந்தால்தான் நோட்டுத் திறக்கும். துண்டு தொலைந்தால் மறுபிரதி உண்டு. எந்த வீட்டில் என்று சொல்ல மாட்டேன், ஒருமுறை எழுதிக் கெட்டது போதும்!

அண்ணாச்சி, மேடைக்கு வாங்க. இந்தக் கவரின்மேல் நான் ஒரு வரியும் எழுதவில்லை.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பதினேழு பேரின் சார்பில் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.