முப்பத்தொன்றாம் கட்டம்

டெர்க் ஐந்தரைக்கு எழுந்தான். காப்பி போட்டான். ஒரு ரொட்டித் துண்டைச் சுட்டு, வெண்ணெய் தடவி, நின்றுகொண்டே தின்றான். வண்டியில் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து கொட்டகையைத் திறந்தான். மருந்துத் தெளிப்பானின் தொட்டியை வழக்கம்போல மூன்று முறை கழுவினான். முனைகளைக் கழற்றித் துணியில் துடைத்து வரிசையாக வைத்தான். ஏழு மணிக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது.

“ஹலோ... ம், நான்தான்... ஆமா லோவெல், பார்த்தேன். அறிக்கை நேத்து சாயங்காலமே வந்துது... ஆமா, ஆமா, மத்தியானத்துக்குள்ள மருந்து தெளிச்சவன் கையெழுத்து வேணும்னு எழுதியிருந்தீங்க... இல்ல, போடல... மறக்கல. போடல.”

பண்ணையில் நடந்த புல்தரை ஆய்வு பேராசிரியர் லோவெல் ப்ரூவிட்டின் பொறுப்பு. கோல்ஃப் மைதானத்தில் வளர்க்கிற புல், முப்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பூஞ்சாண மருந்து; சிலவற்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வெறும் தண்ணீர். தெளிப்பது டெர்க். வாரம் ஒருமுறை விடியலில், பனி காய்வதற்குள், ஒவ்வொரு கட்டமாகக் குனிந்து பார்த்து, புல் காசளவு வட்டங்களாக வெளுத்துப்போகிற நோய் எத்தனை சதவீதம் என்று எழுதி வந்தவள் அவன் மனைவி யானெல். அதற்குக் கருவி கிடையாது. கண்தான் அளவுகோல். அதனால் பருவம் முழுக்க ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. யானெல் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி இறந்துபோனாள்.

“செப்டம்பர் நாலு, செப்டம்பர் பதினொண்ணு. ரெண்டு தேதிக்கும் ‘பார்த்தவர்’னு இருக்கிற இடத்துல யானெல் பேரு இருக்கு... அது யாருன்னு எனக்கு விளக்க வேண்டாம் லோவெல், அவளைக் கட்டிக்கிட்டவன் நான்தான்... அப்ப நீங்க பார்த்தீங்களா? சரி. உங்க பேரைப் போட்டுக்க வேண்டியதுதானே?... ம்... ம்... ஆள் மாறினா ஆறு மாச ஆய்வும் செல்லாமப் போயிடும். ஆமா. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். அதுக்காகச் செத்தவளை எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்களாக்கும்? பனியில நனையாம இருக்க பூட்ஸும் மாட்டி விட்டீங்களா?”

எதிர்முனை நெடுநேரம் பேசியது. டெர்க் ஒரு தெளிப்பு முனையை எடுத்து அதன் துளை வழியே வெளிச்சத்தைப் பார்த்தான்.

“கத்தல... நான் எங்க கத்தறேன்?... சரி, ஒண்ணு கேக்கறேன். நாலாம் தேதி எல்லாக் கட்டத்தையும் பார்த்தீங்களா?... முப்பத்தாறையும்?... குனிஞ்சு?... முப்பத்தொண்ணு எப்படி இருந்துது?... அஞ்சு சதவீதம். ஆமா, அறிக்கையிலயும் அப்படித்தான் இருக்கு. ஒன்பதாம் நம்பர் மருந்து அடிச்ச கட்டம்... பிரமாதமா கேட்டிருக்கு, ஆமா... லோவெல், முப்பத்தொண்ணுல புல்லே கிடையாது.”

“எப்படின்னா?... லீவு முடிஞ்சு நான் வந்தது ஒண்ணாம் தேதி. அன்னைக்கே கீழ இருக்கிற தண்ணிக்குழாய் வெடிச்சுது. அந்தக் கட்டத்தை மொத்தமாத் தோண்டிட்டேன். இடுப்பளவு பள்ளம். குழாய் வந்து சேர ரெண்டு வாரம் ஆச்சு. நாலாம் தேதி நீங்க குனிஞ்சு பார்த்திருந்தா உள்ள விழுந்திருப்பீங்க.”

அவன் சிரிக்கவில்லை.

“ஒரு கட்டத்துல சின்னத் தப்பு. ஓகோ... அப்ப மத்த முப்பத்தஞ்சும் சரி, அப்படித்தானே?... அவ நோட்டு என்கிட்ட இருக்கு. ஆகஸ்ட் பதினாலு, அவ கடைசியா பார்த்த நாள். ஒன்பதாம் நம்பர் முப்பத்தஞ்சு சதவீதம். வெறும் தண்ணி அடிச்சது முப்பத்தெட்டு. அந்த மருந்துக்கும் தண்ணிக்கும் நடுவுல மூணே மூணு... அதுக்கப்புறம் தேறிடுச்சா? நான் மருந்து அடிக்கறதை நிறுத்தின பிறகா? ஆகஸ்ட் பத்துக்கு மேல அதை யாரும் அடிக்கவே இல்லையே... ம்... ம்... சரி, சொல்லுங்க.”

“என்னது?... பெஞ்சா?... எங்க, பண்ணை வாசல்லயா?... அவ பேரைப் பொறிச்சு... லோவெல், அவ உக்காந்து நான் பார்த்ததே இல்ல.”

வெளியே புல்வெட்டி ஒன்று உறுமிவிட்டு நின்றது. டெர்க் போனை மறுகாதுக்கு மாற்றினான்.

“யாரு சொன்னா?... யானெல்?... ஒன்பதாம் நம்பர் தேறி வருது, அடுத்த தடவை அஞ்சுக்கு இறங்கிடும்னு அவளே உங்ககிட்ட?... போன்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து... என்னைக்கு?... செவ்வாய்க்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கா?... சாயங்காலம். அப்படியா, டாக்டர் ப்ரூவிட்?”

ஆறு வருஷத்தில் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“இல்ல, நீங்க நிறுத்துங்க. நான் பேசறேன். அவளுக்கு மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சது திங்கட்கிழமை காலையில. அன்னைக்கு பத்து மணிக்கு அவ பேச்சு நின்னுது. புதன்கிழமை போயிட்டா. நடுவுல அவ யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. அவ போன் என் பையில இருந்துது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்க கூப்பிட்டீங்க, ஆமா. நான்தான் எடுத்தேன். என்கிட்டதான் பேசினீங்க. அறிக்கை எப்ப முடியும்னு கேட்டீங்க.”

டெர்க் துடைத்த முனைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டான்.

“வேலையா? எடுத்துக்குங்க... சாவியை இங்கயே ஆணியில மாட்டிட்டுப் போறேன்... கையெழுத்து கிடையாது. அவ பேரை எடுக்கற வரைக்கும் கிடையாது, எடுத்த பிறகும் கிடையாது. நோட்டுல இருக்கற பக்கம் மொத்தத்தையும் நகல் எடுத்து இந்த ஆய்வுக்குப் பணம் குடுக்கற மருந்துக் கம்பெனிக்கு நேத்து ராத்திரியே அனுப்பிட்டேன்... ஆமா, யோசிச்சுத்தான்... ஆய்வு நல்லபடியா முடியறதுதான் அவளுக்கும் பிடிச்சிருக்கும்னு நீங்க சொல்லாதீங்க. அவ சொல்லாததை இதுக்கு மேல ஒருத்தரும் சொல்ல வேண்டாம்.”

எதிர்முனையில் குரல் தணிந்து ஏதோ கேட்டது. டெர்க் மேசையில் கையை ஊன்றிக்கொண்டான்.

“அவ கடைசியா பேசினதா?... நிஜமாவே தெரியணுமா?... திங்கட்கிழமை, பத்து மணி இருக்கும். ஒரு நர்ஸ் வந்தா. நல்ல பொண்ணு. ‘தலைவலி பத்துக்கு எத்தனை, ஒரு நம்பர் சொல்லும்மா’ன்னா. யானெல் கண்ணைத் திறக்கல. கொஞ்ச நேரம் யோசிச்சா... இல்ல, நம்பர் சொல்லல. ‘எதோட ஒப்பிட்டுச் சொல்லட்டும்?’னு கேட்டா.”