கடைசியிலேர்ந்து படிக்கிறது

அக்கான்னு மட்டும் கூப்பிடாத தாயே. ஏய்னு கூப்பிடு, எதிர் ரூம்னு கூப்பிடு, நான் வாய் நெறைய என்னன்னு கேக்கறேன். உன்மேல கோவமெல்லாம் இல்ல. அந்த வார்த்தை இப்பல்லாம் எனக்கு ஆகறதில்ல, அவ்ளோதான். அய்யய்ய, அந்த ஓரத்து மெஷின்ல போடாத, அது ஆடுற ஆட்டத்துல கதவே தொறந்துக்கும். நடுவுல இருக்குல்ல, அதுல போடு. போட்டியா? சரி, வந்து உக்காரு. மாடிக்குப் போயிட்டு அப்புறமா வரலாம்னு மட்டும் நெனைக்காத. திரும்பி வந்து பாத்தா உன் ஈரத்துணிய எவளாவது வழிச்சுத் தரையில போட்டிருப்பா. நம்ம ஹாஸ்டல் பொண்ணுங்கதான, தெரியாதா உனக்கு.

ஏன் ஆகறதில்லன்னா கேக்குற? சொல்றேன். பொழுதும் போகணும்ல.

நான் ஒரு டேட்டாபேஸுக்கு எழுதிட்டு இருந்தேன். நீயும் கம்ப்யூட்டர் படிச்சவதான, உனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஓப்பன் சோர்ஸ். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம், தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். இல்லல்ல, சம்பளமெல்லாம் கிடையாது. எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க. ஒண்ணுமே தராதவனுக்கு எதுக்குடி இப்படிக் கண்ணக் கெடுத்துக்கறன்னு.

எதுக்குன்னா, எங்க அத்தைக்கு. அவங்க ஒரு சின்ன கிளினிக்ல முன்னால உக்காந்து பேர் பதியறவங்க. அங்க இருந்தது இந்த டேட்டாபேஸ்தான், இலவசமாச்சே. கரண்டு போய்ட்டு வந்தா அன்னைக்குத் தொலைஞ்சது. திரையில தயாராகிறது, தயாராகிறதுன்னு வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும். எதுக்க, காய்ச்சல்ல துவண்ட பிள்ளைய மடியில போட்டுட்டு ஒருத்தி உக்காந்திருப்பா. போன தடவ என்ன மருந்து குடுத்தாங்க, எது அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்காது, எல்லாம் அந்த வட்டத்துக்குப் பின்னாடி. டாக்டர் அத்தைய முறைப்பார். அத்தை வீட்டுக்கு வந்து என்னை முறைப்பாங்க, நீ படிக்கிற படிப்பு எதுக்குத்தான்டி ஆகுதுன்னு. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

ஏன் அவ்ளோ நேரம் இழுக்குதுன்னு உள்ள போய்ப் பாத்தேன். டேட்டாபேஸ் எந்த வேலையையும் தொடறதுக்கு முன்னாடி, இதச் செய்யப்போறேன்னு ஒரு வரி எழுதி வெச்சுக்கும். முடிஞ்சா, முடிஞ்சதுன்னு இன்னொரு வரி. நடுவுல கரண்டு போனா, எந்திரிச்சதும் அந்த வரியெல்லாம் படிச்சுதான் எத வெச்சுக்கறது எதத் தூக்கிப் போடறதுன்னு முடிவு பண்ணும். ஆமா, பாடத்துல வரும். பழைய புரோகிராம் கோடு என்ன பண்ணுச்சுன்னா, முதல் வரியிலேர்ந்து எல்லாத்தையும் ஒண்ணு விடாம திரும்பச் செய்யும். செஞ்சுட்டு, கடைசில வந்து, அடடா இது முடியவே இல்லியேன்னு செஞ்சதப் பூரா பிரிச்சுப் போடும். கல்யாணம் நின்னு போன வீட்டுக்குப் போறோம், பத்திரிகை அடிச்ச கதையிலேர்ந்தா கேப்போம்? மாப்பிள்ளை வந்தானா இல்லையா, அதத்தான முதல்ல கேப்போம்.

நான் கடைசியிலேர்ந்து படிக்க வெச்சேன். கீழேர்ந்து மேல வந்தா முடிஞ்சதுங்கற வரிதான் முதல்ல கண்ணுல படும். அது இருக்கற வேலைய மட்டும் குறிச்சுக்கோ. அது இல்லாத வேலைய தொடவே தொடாத, தாண்டிப் போ. அப்புறம், ஒரே இடத்தப் பத்துத் தடவ மாத்தி எழுதியிருந்தா கடைசியா எழுதினது போதும், முன்னாடி இருக்கற ஒம்பதையும் திரும்பிப் பாக்காத. சும்மா தலையாட்டாத, புரிஞ்சுதா? எங்க, நீ சொல்லு பாப்போம். ம். ம். அதேதான்! ஒம்பதும் வேண்டாம். பரவால்லியே, ஒரே தடவைல பிடிச்சுட்டியே. எங்க துறையில சில பேருக்கு படம் போட்டுக் காட்டியும் ஏறல.

அப்புறம் என்னவா? வட்டம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள பேர் வந்து நிக்குது. அத்தை முறைக்கறத நிறுத்திட்டாங்க. அவ்ளோதான் எனக்குக் கெடைச்ச சம்பளம்.

அக்காவுக்கு வர்றேன், இரு. அனுப்பின உடனே சேர்த்துக்க மாட்டாங்க. யார் எத அனுப்பினாலும் உள்ள விடறதா வேண்டாமான்னு சொல்ற உரிமை ஒருத்தி கையில இருந்துச்சு, அதனால எல்லாருக்கும் அவ சாவியக்கா. அவங்க, இவங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப நாக்குல வரல. இதுக்கு எழுதறவங்க எல்லாரும் இருக்கற குரூப்ல ஒரு பெரிய மனுஷர், இதெல்லாம் நாங்க எப்பவோ முயற்சி பண்ணிப் பாத்தாச்சு கண்ணுன்னு எழுதினாரு. கண்ணாம்! நான் விடுவேனா? எப்பப் பண்ணீங்க, எப்படிப் பண்ணீங்க, அளந்து பாத்த கணக்கு எங்கன்னு கேட்டேன். ஆளக் காணோம். சாவியக்கா மட்டும்தான் எனக்காக நின்னா. எனக்கு இந்த இடம் புரியல, சொல்லுன்னு தனியா எழுதுவா. நான் பக்கம் பக்கமாப் பதில் எழுதுவேன். கல்யாண வீட்டு உதாரணம்கூட அவளுக்காக யோசிச்சதுதான். கோடு பத்தி மட்டுமா எழுதினேன், அம்மாவோட போட்ட சண்டை, படிப்ப விட்டுடலாமான்னு நெனைச்சது, எல்லாம். என் கோட உள்ள சேத்துக்கிட்ட வருஷம், எங்க கூட்டத்துல, அத்தனை பேர் முன்னாடி என்னைக் கட்டிப் பிடிச்சு, இவ என் தங்கச்சின்னா. அழுதுட்டேன். கண்ணு ரெண்டும் கலங்கி நாசூக்கா எல்லாம் இல்ல, மூக்கு ஒழுக ஒழுக.

அப்புறம் ஒரு நாள் தகவல் வருது. சாவியக்காவும் இன்னும் சில பேரும் கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. இனிமே வர்றதெல்லாம் பூட்டின பொட்டி. காசு கட்டினா உபயோகிச்சுக்கலாம், தொறந்து பாக்க முடியாது. தப்பு கண்டுபிடிச்சா கட்டினவனுக்குத்தான் திருத்தி வரும். அப்ப கிளினிக்கு? அதத்தான் நானும் கேட்டேன்! ஆனா எழுதினவங்க எல்லாரும் சம்மதிக்காம லைசன்ஸ, யார் எப்படி உபயோகிக்கலாம்ங்கற விதிய, மாத்த முடியாது. அவங்கவங்க எழுதினது அவங்கவங்களுக்குத்தான் சொந்தம், யாரும் யாருக்கும் எழுதிக் குடுக்கல. வரிசையா சம்மதம், சம்மதம், சம்மதம்னு போட்டாங்க பாரு. வாய் கிழிய சுதந்திரம் பேசினவங்கெல்லாம். அந்தக் கண்ணு மனுஷர் இப்ப அங்க ஆலோசகர்.

நான் மாட்டேன்னேன். ஏன் மாட்டேன்னு நாலு பக்கம் எழுதினேன், ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லி. அவ என்ன பதில் போட்டா தெரியுமா? உணர்ச்சிவசப்படாத தங்கம். அவ்ளோதான். தப்புன்னு சொல்லியிருந்தா வாதாடியிருப்பேன். இதுக்கு என்னத்தச் சொல்றது?

எடுத்துட்டு வந்து தனியா நடத்தலாமேன்னு ஈஸியா சொல்லிட்ட. பழசு இன்னும் எல்லாருக்கும் பொதுதான், யாரும் பிடுங்கிட முடியாது. ஆனா வீடு மட்டும் இருந்து ஆள் இல்லன்னா? கூரை ஒழுகினா ஏறறது யாரு, நான் ஒருத்தியா? எல்லாரும் அந்தப் பக்கம் போயாச்சு. என் பகுதி இல்லாம அவங்களால வெளியிட முடியாது, அது ஒண்ணுதான் இப்போதைக்குத் தடை. நிக்க நிக்க நாலு பேராவது யோசிப்பாங்க, திரும்பி வருவாங்கன்னு ஒரு நப்பாசை எனக்கு.

அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. என் கோட வெட்டி எறிஞ்சுட்டு, புதுசா எழுதிக்கறதாம். அப்படியே பாத்து எழுதினா திருட்டு. அதனால ரெண்டு ஆளு, நடுவுல சுவர். என் கோடப் படிச்ச ஒரு ஆளு, இது என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதித் தரணும். என் கோட கண்ணால பாக்காத, என்கிட்ட பேச்சே வெச்சுக்காத இன்னொரு ஆளு, அத வெச்சு எழுதணும். படிச்ச ஆளு யாருன்னு நான் சொல்லணுமா? எல்லாம் வெளிப்படையா நடக்குதுன்னு காட்டறதுக்கு முதல் பக்கத்தக் குரூப்ல போட்டிருக்கா. மூணாவது வரியில கல்யாணம் நின்னு போன வீடு வருது. பத்திரிகை, மாப்பிள்ளை, எல்லாம் அப்படியே. எனக்குப் புரியலன்னு அவ கேட்டு, நான் உக்காந்து உக்காந்து அவளுக்கு எழுதினது. என் கோட எடுக்கல, சட்டப்படி சுத்தம். என் லெட்டர எடுத்திருக்கா.

மெஷின் நின்னுடுச்சு போல. இரு, கதவு உடனே தொறக்காது. என்னோடதா? நான் துவைக்க வரல.

குரூப்ல இன்னொண்ணும் போட்டிருந்தாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் எழுதப்போற ஆளு கெடைச்சாச்சு, திங்கட்கிழமை சேர்றாங்கன்னு. கீழ நோட்டீஸ் போர்டுல வார்டன் உன் பேரையும் கம்பெனி பேரையும் போட்டு வாழ்த்து ஒட்டியிருக்காங்க. பெரிய எழுத்துல. வர்ற வரைக்கும் எதையும் தேடிப் படிக்காதன்னு உன்கிட்ட சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கல்ல. ஏன்னு நீ கேக்கல, அவங்களும் சொல்லல.

முதல் நாளே ஒரு காகிதம் நீட்டுவாங்க. இந்தக் கோட நான் பாத்ததில்ல, எழுதினவகிட்ட இதப் பத்திப் பேசினதில்லன்னு. பயப்படாத, உண்மையச் சொன்னா வேலையெல்லாம் போகாது, வேற எதையாவது எழுதச் சொல்வாங்க. இது மட்டும் இன்னொருத்தி கெடைக்கற வரைக்கும் நிக்கும். அவகிட்டயும் பேச எனக்கு வாய் இருக்கு. பொய்யா கையெழுத்துப் போடலாம், போடலாம்தான், உன்னையும் என்னையும் தவிர இங்க யாரும் இல்ல. ஆனா ஒரே தடவைல புரிஞ்சுக்கிட்டியே, இனி அத எப்படி மறப்ப?

என்ன அப்படிப் பாக்குற? சிரிச்சுச் சிரிச்சுத்தான பேசினா, நம்பித்தான உக்காந்தோம்னா? ஆமாம்மா. அந்த மூணாவது வரியப் படிச்சப்ப என் மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும். பக்கத்துல ஆள் யாரும் இல்ல, அதனால எனக்குத் தெரியாமப் போச்சு.