நல்லேப்பிள்ளி வயலுக்கு வந்த டிராக்டர்

தலைமை இருக்கையை நிறைத்திருக்கும் நல்லேப்பிள்ளியின் நெல் விவசாயி, பாசத்துக்குரிய செங்கோட்டையன் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! வயல் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பீர்மேட்டிலிருந்து ஜீப்பும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி வந்திருக்கும் ராமுத்தாய் அம்மா அவர்களே! கோப்பையைக் கீழே வைக்க மறுக்கும் என் வீராங்கனைகளே! கல்லூரி பேஸ்பால் அணியின் பயிற்சியாளராகிய என் கனிந்த வணக்கம்.

வென்றோம்! ஆனால் இந்த வெற்றி விளைந்தது எங்கே? (விசிலடிக்கும் தம்பி, பொறுங்கள்! உங்கள் விசிலுக்கும் இடம் வரும்.)

சென்ற ஆண்டு பீர்மேடு எஸ்டேட்டுக்குப் போனேன். தேயிலை பறிக்கும் ராமுத்தாய் அம்மாவிடம், "உங்கள் மகள் சிவசங்கரியின் பந்தெறியும் கைக்காக எங்கள் அணி காத்திருக்கிறது" என்றேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்த்தோம். சேர்த்த பிறகு வந்தது புதிய விதி! அணிக்குப் பதினாறு பேர்தான். அணியில் பெயர் இல்லாதவருக்கு எங்கள் விடுதியிலும் இடமில்லை.

மிஞ்சியது ஒரே இடம். பந்தெறிய இருவர். ஒருத்தி சிவசங்கரி. இன்னொருத்தி, இத்தனை ஆண்டுகள் எங்களுக்காக எறிந்த கிருத்திகா. கிருத்திகா யார்? நம் விழாத் தலைவர் செங்கோட்டையனின் மகள்! நாங்கள் பயிற்சி செய்வது எங்கே? அறுவடை முடிந்த நம் தலைவரின் வயலில்! (சிரிக்கிறீர்கள். அன்று எனக்குத் தூக்கமே போயிற்று!)

"டீச்சர், எம்புள்ளையத் திருப்பி அனுப்பிர மாட்டீகளே?" என்று போனில் கேட்டார் ராமுத்தாய் அம்மா. யாருடைய பந்து வேகம் என்பதை மட்டும் பார்த்தேன். சிவசங்கரியைச் சேர்த்தேன். கிருத்திகா அழுதாள். கையுறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வரப்போரம் டிராக்டர் சத்தம்! உழவு வந்துவிட்டது, மைதானம் போய்விட்டது என்று பெண்கள் கலங்கினார்கள். மகளை விலக்கினால் எந்தத் தகப்பனார் பொறுப்பார்? டிராக்டர் நின்றது. பின்பெட்டி நிறையச் செம்மண்! அதன்மேல், கையுறையோடு கிருத்திகா!

செங்கோட்டையன் இறங்கினார். "ஏனுங்க டீச்சர், பந்து எறியறவ நிக்கறதுக்கு மேடு வேணுமாமுங்க. எந்த எடத்துலங்க கொட்டறது?"

"நேத்து கோவமாத்தான் இருந்தேனுங்க டீச்சர்," என்றாள் கிருத்திகா. "ஆனா சமதரையில பழகிட்டுப் போனா, போட்டியில மேட்டுல இவளுக்குக் கால் தடுமாறுமுங்க. நான் பேட்டு புடிக்கறேன். பந்துல என்னைய ஏமாத்திட்டான்னா எவளையும் ஏமாத்திருவா!"

அந்த மேட்டில் எறிந்தாள் சிவசங்கரி. எறிந்தாள், எறிந்தாள், இறுதிப் பந்தயம் வரை எறிந்தாள்! சுற்றிலும் இரண்டாம் போகம் நட்டார்கள். அந்த ஒரு வயல் மட்டும் எங்களுக்காகத் தரிசாகக் கிடந்தது.

எத்தனை பேர் ஆடலாம் என்று விதி சொல்லட்டும். எத்தனை பேர் சேர்ந்து ஜெயிக்கலாம் என்று அது சொல்லுமா? சொல்ல முடியுமா? (இப்போது அடியுங்கள் தம்பி, விசிலை!)

இனி ஆள் சேர்க்கப் போனால், அணியில் இடம் உறுதி என்று எந்தத் தாயிடமும் சொல்ல மாட்டேன். இந்த வயலைக் காட்டுவேன்.

கோப்பை வாங்கிய அன்று பதினாறு பேரைத்தான் மேடையேற விட்டார்கள். கிருத்திகா கீழே நின்று கைதட்டினாள். நல்லேப்பிள்ளியில் அந்த விதி செல்லாது! சிவசங்கரி, கோப்பையோடு வா. கிருத்திகா, அங்கே என்ன ஒளிந்து நிற்கிறாய்? ஏறி வா அம்மா, நீதான் முதலில் பிடிக்க வேண்டும்!

மண் தந்த தலைவருக்கும், மகளைத் தந்த தாய்க்கும் என் நன்றி. உங்கள் கைதட்டலை இந்த இரு பெண்களுக்கும் விட்டு நான் இறங்குகிறேன். வணக்கம்!